படப் புத்தகத்தில் வந்த யானையும் பஸ்ஸைத் தவறவிட்ட ஊரும்

இந்த ஆண்டு பணியில் சேர்ந்திருக்கும் உங்களிடம் அனுபவம் பேசுவதற்கு, முறைப்படி, ஓய்வு பெற்ற ஒருவரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். எனக்கு இது ஏழாவது ஆண்டு. தலையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனாலும் படப் புத்தகத்தை வகுப்பில் பயன்படுத்துவது பற்றி யாராவது சொல்ல வேண்டும் என்று பேச்சு வந்தபோது, எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கதையைத்தான் எழுதுகிறேன். என்னைவிட நீங்கள் கொஞ்சம் குறைவாகத் தப்பு செய்தால் போதும்.

முதலில் ஒரு சின்ன வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். அப்பா பர்கூரில் கல் குவாரி வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். வீட்டில் புத்தகம் என்றால் அது என்னுடைய பாடப் புத்தகம் மட்டும். அதை அம்மா மஞ்சள் பையில் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைப்பார். கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். எனக்கு யாரும் படப் புத்தகம் காட்டிக் கதை சொன்னதில்லை. அதை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது. வேலைக்கு வந்த முதல் வாரம் ஒரு படப் புத்தகத்தை எடுத்து, பாடப் புத்தகம் போல என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கணீரென்று வாசித்து முடித்தேன். இரண்டாம் வகுப்பு அமைதியாகக் கேட்டது. முடிந்ததும் ஒரு பையன் எழுந்தான்.

"சார், படம் உங்களுக்கு மட்டுமா?"

அன்றிலிருந்து புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்கிறேன். இது முதல் பாடம். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அடுத்த வாரம் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே பிடித்துப் பாருங்கள், கை எந்தப் பக்கம் போகிறதென்று.

பெரிய கதை நடந்தது மூன்றாம் ஆண்டில். எங்கள் பள்ளி உத்தனப்பள்ளியிலிருந்து உள்ளே போகும் ஊரில் இருக்கிறது. தலைமையாசிரியை ஒருவர், நான் ஒருவன், ஆக இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியையை ஊரே எச்.எம். டீச்சர் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். எங்கள் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்றால் இத்தனை பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் எங்களிடம் ஒரே ஒரு பிள்ளைதான் கூடுதல். இரண்டு பிள்ளைகள் போனால் நான் 'உபரி', வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள். உபரி என்றால் என்னவென்று ஒருமுறை அப்பாவுக்கு விளக்கினேன். "குவாரில ஓரமா தள்ளிப் போடுவோமே, அந்தக் கல்லு மாதிரியா?" என்றார். அதைவிடத் துல்லியமாக எந்த அரசாணையும் சொன்னதில்லை.

வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், கொஞ்சம் பேர் கன்னடம், மீதிப் பேர் தமிழ். சண்டை போடும்போது மூன்றும் பேசுவார்கள். அப்பா அம்மாக்களில் பாதிப் பேர் கேழ்வரகு, தக்காளி என்று நிலத்தில். மீதிப் பேர் ஓசூர்க் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை. ஒரு மணிக்கு பி ஷிப்ட் பஸ் பள்ளிக்கூட முக்கில் வந்து திரும்பும். அது இரண்டு நிமிடம் நிற்கும். மூன்றாவது நிமிடம் நிற்காது.

அந்த மார்கழியில் எனக்கு ஒரு சாகசப் படப் புத்தகம் கிடைத்தது. மின்னி என்கிற சிறுமி, கூட்டத்தைத் தவறவிட்ட யானைக்குட்டியைக் கண்டெடுத்து, ஆறு தாண்டி, குகை தாண்டி, தேனீக்களிடம் தப்பித்து, அதை அதன் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கதை. ஒவ்வொரு பக்கமும் பளபளவென்று இருந்தது. முதல் முறையாக ஒரு புத்தகத்தை வகுப்புக்கு முன்பே மூன்று தடவை படித்துத் தயாரானேன். இரண்டாவது பாடத்தையும் கற்றுக்கொண்டுவிட்டதாக எனக்குப் பெருமை.

அன்றைக்கு சத்துணவுக் கூடத்தில் பாதிச் சமையலில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. சாப்பாடு வர நேரமாகும். பிள்ளைகள் பன்னிரண்டேகாலுக்கே தட்டைக் கையில் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். பசித்த இரண்டாம் வகுப்பை உட்காரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சீக்கிரம் தெரியும். மின்னியை எடுத்தேன்.

நன்றாகத்தான் போனது. ஆறு தாண்டினோம். குகை தாண்டினோம். ஏழாவது பக்கத்தைத் திருப்பினேன். இரண்டு பக்கமும் நிறைய ஒரே யானை. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, காதை விரித்துக்கொண்டு, எதிரில் கட்டைவிரல் அளவு மின்னி.

வகுப்பு மூச்சு விடவில்லை. 'குழந்தைகளைக் கதைக்குள் இறக்குங்கள், அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள்' என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது.

"இப்ப மின்னி என்ன செய்யணும்?"

"ஓட்டணும் சார்," என்றான் முனிராஜ் என்கிற பையன்.

"எப்படி ஓட்டுவீங்க?"

"தட்டடிச்சு!"

அடடா, கையிலேயே தட்டு இருக்கிறதே! இதைவிட நல்ல கற்றல் உபகரணம் எங்கே கிடைக்கும்? "எங்க, மின்னிக்காக எல்லாரும் அடிங்க பாக்கலாம்!" என்றேன்.

அடித்தார்கள். எவர்சில்வர் தட்டை, தரையில், கரண்டியால், கையால். "ஆனெ பந்த்து!" என்று கன்னடம் ஒரு மூலையிலிருந்து. "ஏனுகு ஒச்சிந்தி!" என்று தெலுங்கு இன்னொரு மூலையிலிருந்து. "யானை வருதுடோய்!" என்று நடுவில் தமிழ். என் வகுப்பு மும்மொழியில் ஒரே பொருளைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. "இன்னும் வேகமா!" என்று நான்தான் கத்தினேன். இதை யார் மேலும் போட முடியாது.

ஒரு நிமிடம் இருக்கும். பிறகு நான் கையைக் காட்டியதும் நிறுத்தினார்கள். ஆனால் சத்தம் நிற்கவில்லை.

தட்டுச் சத்தம் வெளியிலிருந்து வந்தது. கோயில் தெருவிலிருந்து, அப்புறம் காலனியிலிருந்து, அப்புறம் எல்லாப் பக்கத்திலிருந்தும். ஒரு வெடி வெடித்தது. பால் சொசைட்டி மைக்கில், "யாரும் வெளிய வராதீங்க, களத்துல இருக்கறவங்க வூட்டுக்குள்ள போங்க" என்று குரல். சமையல் அக்கா கரண்டியோடு வகுப்புக்குள் பாய்ந்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றார்.

"சார், யானை வந்துடுச்சு சார்!"

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'என்ன பொருத்தம்! பாடத்திலும் யானை, ஊரிலும் யானை!' என்று நினைத்தேன். சத்தியமாக. பிள்ளைகளைச் சுவர் ஓரமாக உட்காரவைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். வாயில் விரலை வைத்துக்கொண்டேன். எங்கள் சிங்காரப்பேட்டையில் யானை கோயிலுக்கு வரும், காசு கொடுத்தால் ஆசீர்வாதம் பண்ணும், போய்விடும். இங்கே அது கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டமாக இறங்கி, கேழ்வரகு அறுப்பு முடியும் வரைக்கும் இருந்துவிட்டுப் போகும். எனக்கு உள்ளூர பயம். அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். அப்போது முனிராஜ் என் சட்டையை இழுத்தான்.

"சார்."

"உஷ்."

"சார், மொதல்ல அடிச்சது நாமதான சார்?"

அந்த ஊரில் தட்டுச் சத்தம் என்றால் ஒரே ஒரு பொருள்தான். யானை வந்துவிட்டது, கதவைச் சாத்து. யார் முதலில் கேட்டாலும் தன் வீட்டுத் தட்டை அடிக்க வேண்டும், அது அடுத்த தெருவுக்குப் போகும். வழக்கமாக அது இருட்டுகிற நேரத்தில் கேட்கும் சத்தம். பகல் பன்னிரண்டரைக்குக் கேட்டால், வழி தவறிய யானை ஊருக்குள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். மூன்று வருடம் அந்த ஊரில் வேலை செய்தும் எனக்கு இது தெரியாது. நான் நாலு மணிக்கு வீட்டுக்குப் போகிற ஆள்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது பள்ளி வாசலில் ஊர் கூடியிருந்தது. வனத்துறையின் யானை விரட்டும் குழுவில் வாட்சராக இருந்த மாதேஷ் பைக்கில் வந்து இறங்கினார். கையில் வெடிப் பை, தோளில் டார்ச்.

"மொதல்ல பாத்தது யாரு?"

"நான் பாத்தன்," என்றார் பால்காரர். "மூணு. ஒண்ணு கொம்பன். இஸ்கூலு பின்னால இருந்து அப்பிடியே கெழக்கால போச்சு."

"கம்பி வேலிய பாருங்க, ஒடச்சிருக்குது," என்றார் இன்னொருவர். அந்த வேலியைப் போன வாரம் முனிராஜின் சித்தப்பா டிராக்டரால் உடைத்தார். சித்தப்பாவும் கூட்டத்தில் நின்று, ஆமாம், யானைதான் என்று தலையாட்டினார்.

நான் எச்.எம். டீச்சரிடம் போய்க் காதோடு உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. முப்பது வருட சர்வீஸ்.

"பேசாம இருங்க சார்," என்றார் மெதுவாக. "பாத்தேன்னு சொன்னவங்களே பாத்துக்குவாங்க."

யோசித்துப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. யானை வந்தது, போனது. பால்காரர் வீரர். வேலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. என் வேலையும் பத்திரம். நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அப்போது மாதேஷ் போனை எடுத்தார்.

"ஏரிக்கரைல நிக்கற நம்ம ஆளுங்க மூணு பேரையும் இங்க வரச் சொல்றன்," என்றார். "அங்க ஏழு யானை காட்டு ஓரத்துலயே நிக்குது. ஆளு எடுத்தா எறங்கிரும். ஆனா இங்க ஊருக்குள்ள வந்துருச்சுன்னா என்னா பண்றது?"

ஏரிக்கரையை ஒட்டி அறுப்புக்கு நிற்கும் கேழ்வரகு. பெண்கள் வயலில் இருப்பார்கள். இல்லாத யானைக்காக இருக்கிற யானையை விட்டுவிட்டு ஆட்கள் வரப்போகிறார்கள். யோசிப்பதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு ரிங் போகிற நேரம்.

"அண்ணா, வேணாம். யானை வரல," என்றேன். "நாங்கதான் தட்டடிச்சோம். கதைக்காக."

பக்கத்தில் நின்ற சைத்ரா என்கிற இரண்டாம் வகுப்புப் பெண், நான் கேட்காமலே உதவிக்கு வந்தாள். புத்தகத்தை ஏழாம் பக்கத்தில் விரித்து, தலைக்கு மேலே தூக்கி, எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினாள். ஊருக்கு நன்றாகத் தெரியும்படி, சரியாகத் திருப்பிப் பிடித்தாள்.

"இதுதான் அண்ணா அந்த யானை."

ஊர் அந்த யானையைப் பார்த்தது. பிறகு பால்காரர்தான் கேட்டார்: "அப்ப நான் பாத்தது?"

"அது உன் எருமைடா," என்றார் மாதேஷ்.

சிரிப்பு வெடித்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். சிரிக்காத ஒருத்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நீலக் கம்பெனி கோட்டு, கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் சாப்பாட்டுப் பை. சைத்ராவின் அம்மா ரத்னம்மா. பஸ்காரர் தட்டுச் சத்தத்தைக் கேட்டு முக்குக்கு வராமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"சார், நான் சூப்பர்வைசருகிட்ட என்னான்னு சொல்லட்டும்? ரெண்டாங்கிளாஸு பொஸ்தவத்துல யானை வந்துச்சு, அதால லீவுன்னா?"

"அக்கா, மன்னிச்சுக்கங்க..."

"பாடம் நடத்தச் சொல்லி அனுப்பினா படம் காட்டிட்டு இருக்கீங்க. எதுர்ல இங்கிலீஷ் மீடியம் வேன் வாசல் வரைக்கும் வருது. நாளன்னிக்கி எனக்கு லீவு கெடைக்குது. வரேன். ரெண்டுத்துக்கும் டி.சி. எழுதி வெய்ங்க."

ரெண்டு என்றால் சைத்ராவும், ஒன்றாம் வகுப்பில் இருக்கும் தம்பி கிரணும். எச்.எம். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் குவாரியில் ஓரமாகக் கிடக்கும் கல்லைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு மாதேஷ் போகவில்லை. பைக் மேல் உட்கார்ந்தபடி சொன்னார். "சார், நீங்க ஒத்துக்கிட்டது நல்லது. ஆனா பத்தாது. தட்டுன்னா நெஜம்னு இருந்துச்சு. இனிமே நெஜமா அடிக்கறப்ப, 'ஆங், இஸ்கூலு பசங்க'ன்னு திரும்பிப் படுத்துக்குவானுங்க. அப்ப எவன் கதவ சாத்துவான்?"

"என்ன பண்ணட்டும் அண்ணா? மைக்குல சொல்லட்டுமா?"

"மைக்குல சொன்னா எவனும் கேக்க மாட்டான். வூடு வூடா போங்க. இன்னிக்கி அடிச்சது இஸ்கூலு, இனிமே இஸ்கூலு அடிக்கவே அடிக்காது, இனி எப்ப கேட்டாலும் நெஜம்தான்னு ஒவ்வொரு வூட்லயும் சொல்லுங்க."

போனேன். அன்றுதான் நான் மாலை நாலு மணிக்கு வீட்டுக்குப் போகாத முதல் நாள். முதல் வீட்டில் தலை குனிந்து சொன்னேன். அவர்கள் திட்டிவிட்டு டீ கொடுத்தார்கள். மூன்றாவது வீட்டில் "மொதல்ல இருந்து சொல்லுங்க சார், எருமைய வுட்டுட்டீங்க" என்றார்கள். ஒரு தெலுங்கு வீட்டில் என் பேச்சை முனிராஜ் மொழிபெயர்த்தான். நான் இரண்டு வரி சொன்னால் அவன் பத்து வரி சொன்னான். அந்த வீட்டார் என்னைப் பரிதாபமாகப் பார்த்த விதத்தில், மீதி எட்டு வரி என்னைப் பற்றியது என்று புரிந்தது. பால்காரர் வீட்டில் மட்டும் கொஞ்சம் சுருக்கமாகச் சொன்னேன். கடைசியாக ரத்னம்மா வீடு. கதவு சாத்தியிருந்தது. வாசலில் நின்று முழுவதையும் சத்தமாகச் சொன்னேன்.

"கேட்டுச்சு, போங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சொன்னபடி அடுத்த நாளுக்கு அடுத்த நாள் காலை ரத்னம்மா வந்துவிட்டார். ஒரு நோட்டுத் தாளில் விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். எச்.எம். டீச்சர் அதை வாங்கி, மேலிருந்து கீழே படித்து, கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"சர்வர் இல்லம்மா."

"எப்ப வரும்?"

"அது அவங்க இஷ்டம்."

ரத்னம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் போனது. நான் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மின்னியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். திடீரென்று ஏரிப் பக்கமிருந்து ஒரு தட்டுச் சத்தம்.

ஒரே ஒரு தட்டு. டங், டங், டங்.

எச்.எம். டீச்சரும் ரத்னம்மாவும் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார்கள்.

"நாங்க இல்ல!" என்றேன். என் வகுப்பு முழுவதும் வெறுங்கைகளைத் தூக்கிக் காட்டியது.

பிறகு வந்த அமைதியை என்னால் மறக்க முடியாது. ஊர் நம்புமா? 'இஸ்கூலு பசங்க' என்று திரும்பிப் படுத்துக்கொள்ளுமா? மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. கோயில் தெருவில் ஒரு தட்டு. காலனியில் இரண்டு. பிறகு ஊரே அடித்தது. கதவுகள் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது.

எல்லாரும் வகுப்புக்குள் வந்து தாழ் போட்டோம். சமையல் அக்கா, எச்.எம். டீச்சர், அவருடைய பெரிய வகுப்புப் பிள்ளைகள், ரத்னம்மா, என் இரண்டு வகுப்புப் பிள்ளைகள். மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது. பிள்ளைகளின் முகம் வெளுத்திருந்தது. கிரண் அழத் தயாராக உதட்டைப் பிதுக்கினான். ஒன்றாம் வகுப்பில் ஒருவன் அழுதால் எல்லாரும் அழுவார்கள், தெரியுமல்லவா?

என்ன செய்வதென்று தெரியவில்லை. அலமாரியைத் திறந்து மின்னியை எடுத்தேன். வாசிக்க முடியாது, கேள்வி கேட்க முடியாது, ஒலி எழுப்ப முடியாது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த எதையும் செய்ய முடியாது. தரையில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து, பக்கம் பக்கமாகப் படத்தை மட்டும் காட்டினேன். அப்போதுதான் கவனித்தேன். நான் பேசாதபோது அவர்கள் எவ்வளவு பார்க்கிறார்கள்! குகைக்குள் ஒரு வௌவால் இருந்தது, எனக்குத் தெரியாது. முனிராஜ் விரலால் தொட்டுக் காட்டினான். கிரண் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டான்.

ரத்னம்மாவும் தரைக்கு வந்துவிட்டார். மின்னி குட்டியின் தும்பிக்கையைப் பிடித்து நடக்கும் பக்கம் வந்ததும், என் காதருகே வந்து முணுமுணுத்தார். "எவ சார் எழுதினா இத? குட்டியத் தொட்டா தாயி வுடுமா? இவ யானையப் பாத்ததே இல்ல."

"சார்கூட பாத்ததில்லம்மா," என்று கிசுகிசுத்தாள் சைத்ரா.

"நீ பாத்தியாம்மா?" என்றான் கிரண்.

ரத்னம்மா அவனை மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு, காற்றுபோல மெல்லிய குரலில் சொன்னார். சைத்ரா வயதில் அம்மாவோடு கேழ்வரகுக் காவலுக்குப் போனதை. குடிசைக்கு வெளியே யானைகள் வந்துவிட்டதை. அம்மா இவர் வாயைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டதை. தட்டியில் ஒரு ஓட்டை இருந்ததாம். "அதுல ஒரு கண்ணு தெரிஞ்சுது. குட்டி. அது என்னப் பாத்துச்சு. நானும் அதப் பாத்தன். ரெண்டு பேரு வாயையும் ரெண்டு அம்மாவும் பொத்திட்டாப்பல இருந்துச்சு. கத்தவேயில்ல ரெண்டு பேரும்."

இருபது தலைகள் ரத்னம்மாவைச் சுற்றி நெருங்கி வந்துவிட்டன. என் கையில் புத்தகம் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. நானும்தான்.

அப்போது ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் மறைந்தது. லாரி ஒன்று மெதுவாகத் தாண்டிப் போவது போல, சாம்பல் நிறத்தில் ஏதோ போய்க்கொண்டே இருந்தது. முடிந்தது என்று நினைத்தால் இன்னொன்று போனது. தொட்டித் தண்ணீரை உறிஞ்சும் சத்தம், வாழை மரம் முறியும் சத்தம். ரத்னம்மாவின் ஒரு கை கிரண் வாயில் இருந்தது. இன்னொரு கை என் வாயில் இருந்தது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து மாதேஷ் கதவைத் தட்டினார். "போயிடுச்சு. வெளிய வாங்க." முகமெல்லாம் வேர்வை, ஆனால் சிரித்தார். "ரெண்டே நிமிஷத்துல ஊரே சாத்திக்கிச்சு சார். ஒருத்தன் வெளிய இல்ல. களத்துல இருந்து மொதல்ல ஓடினது யாரு தெரியுமா? நம்ம பால்காரரு."

எங்கள் நஷ்டம் இரண்டு வாழை மரமும் ஒரு தொட்டித் தண்ணீரும். எச்.எம். டீச்சர் அறைக்குப் போய் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவருக்கு அன்று வந்த ஒரே கோபம் அப்போதுதான் வந்தது.

"வேண்டாதப்ப வருது பாருங்க. சர்வர் வந்துடுச்சும்மா. விண்ணப்பம் எங்க?"

விண்ணப்பம் மேசையில் இல்லை. எல்லாரும் தேடினோம். சைத்ராவின் கையில் இருந்தது. அறைக்குள் இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் எச்.எம். டீச்சர் அவசரத்தில் கையோடு கொண்டுவந்து தரையில் வைத்த தாள்தான் அவள் கைக்குக் கிடைத்ததாம். பின்பக்கம் முழுக்க ஒரு யானை, ஒற்றைக் கொம்போடு. அதன் பக்கத்தில் தட்டி, தட்டியில் ஓட்டை, ஓட்டையில் ஒரு கண்.

ரத்னம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு வூடு வந்து சேந்துச்சா சார்?" என்றார் திடீரென்று.

"எந்தப் பொண்ணு அக்கா?"

"பொஸ்தவத்துல. குட்டியக் கொண்டுபோயி வுட்டுட்டா. திரும்பி வந்தாளா, இல்லியா? நீங்கதான் கடைசிப் பக்கம் காட்டவே இல்லியே."

"நாளைக்கு முடிச்சிடறேன் அக்கா."

"நாளைக்கு பி ஷிப்டுக்கு முன்னால வரேன். நான் இல்லாம காட்டாதீங்க." விண்ணப்பத்தை எச்.எம். டீச்சர் மேசையில் வைத்தார், யானைப் பக்கம் மேலே தெரியும்படி.

ரத்னம்மா வந்தார். அதற்கப்புறம் லீவு கிடைக்கிற நாளெல்லாம் வருகிறார். பிள்ளைகள் இருவரும் எங்களிடம்தான் படித்தார்கள். நான் உபரி ஆகவில்லை. மின்னி இப்போதும் எங்கள் அலமாரியில் இருக்கிறாள், பூட்டாமல். எங்கள் வகுப்பில் மழை பெய்தால் விரல் சொடுக்குவோம், குதிரை வந்தால் தொடையில் தட்டுவோம். தட்டை மட்டும் சோற்றுக்குத்தான் எடுப்போம். நீங்களும் புது ஊருக்குப் போனால், ஒரு சத்தத்தை எழுப்பும் முன்னால் அந்தச் சத்தத்துக்கு அந்த ஊரில் என்ன பொருள் என்று பிள்ளைகளிடம் கேட்டுவிடுங்கள். தவறினால், வீடு வீடாகப் போங்கள். டீ கிடைக்கும்.

மறு ஆண்டு ஆய்வுக்கு வந்த அலுவலர் கோப்புகளைப் புரட்டினார். ரத்னம்மாவின் தாள் கையில் வந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன மேடம் இது? டி.சி. கேட்டு விண்ணப்பம் இருக்கு. டி.சி. கொடுத்ததா பதிவே இல்லையே. ஏன் கொடுக்கல? காரணம் எங்க?"

எச்.எம். டீச்சர் முகம் மாறவில்லை.

"பின்னால திருப்பிப் பாருங்க சார்."

அலுவலர் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். என்ன நினைத்தாரோ தெரியாது, பேனாவை எடுத்து, யானையின் காலுக்குக் கீழே 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.